அக்காவை எடுத்த இரண்டு படங்கள்

மார்ச் 3
அக்காவின் ஆட்டோ வேலப்பன்சாவடியில் கவிழ்ந்து ஐந்து மாதம். கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருக்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூளையை ஸ்கேன் எடுத்தபடியே பழகிய குரலைக் கேட்க வைக்கலாம் என்கிறார் டாக்டர் வர்ஷா. காதில் விழுகிறதா என்று படத்தில் தெரியுமாம்.

மார்ச் 5
என் குரலைப் பதிந்து தரவேண்டும். என்ன பேசுவது? நாகவல்லி அக்கா, நான் யுவராணி — அதற்குமேல் வரவில்லை.
பிறகு திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. நான் கல்லூரி முடிந்து ரயிலிறங்கும் நேரத்துக்குச் சவாரியை விட்டுவிட்டு வந்து நிற்பாள். பின் சீட்டில் உட்கார விடமாட்டாள். முன்னால் அவளோடு ஒட்டிக்கொண்டுதான். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, அன்று வகுப்பில் யார் யாரைத் திட்டினார்கள் என்பது வரை கேட்பாள். நான் சலித்துக்கொள்வேன். ஏன் சலித்துக்கொண்டேன்?
அதையெல்லாம் பேசிப் பதிந்தேன்.

மார்ச் 11
படத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 12
திரும்ப எடுக்க வேண்டுமாம். மூளையை ஒன்றரை மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். படம் நுணுக்கம்தான், ஆனால் அவ்வளவு சின்னக் கட்டத்தில் மூளை வேலை செய்வதைக் காட்டும் சிக்னல் கொஞ்சம்தான் கிடைக்கும், படத்தில் கலந்துவரும் வேண்டாத இரைச்சலில் அது மூழ்கிவிடும். மூன்று மில்லிமீட்டர் வைத்தால் படம் மொத்தையாக வரும், சிக்னல் தேறும். அதற்காக ரொம்பப் பெரிதாக்கினால், வேலை செய்யும் இடத்தோடு சும்மா இருக்கும் இடமும் கலந்துவிடும்.
"முதல்லயே யோசிச்சிருக்கணும். என் தப்பு," என்றார் டாக்டர். எனக்குக் கோபம் வந்தது.
அம்மா கேட்டாள்: "இன்னொரு தபா அவள அந்தக் குழாய்க்குள்ள தள்ணுமாடி?"
 

மார்ச் 20
கடைசியில் அம்மாவே சரி என்றாள். இன்று இரண்டாவது படத்தைக் கணினியில் காட்டினார்கள். சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமான மங்கல் படம். இரண்டு காதுப் பக்கமும் ஆரஞ்சுத் திட்டு. பதிவில் நான் பேசும்போது கூடுகிறது, நிறுத்தினால் அடங்குகிறது.
"குரல் போய்ச் சேருது. புரியுதான்னு இத வெச்சு சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.
சரி. போய்ச் சேருகிறது.

மார்ச் 24
நூம்பலிலிருந்து மாமா பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று, இனிமே இவ எங்க எந்திரிக்கப் போறா என்று ஆரம்பித்தார். அம்மா அவர் கையைப் பிடித்தாள்.
"கேட்டுகினு கீறாண்ணே. வெளிய வந்து பேசு."