நெஞ்சுக்குள் ஒரு பேட்டரி

12 பிப்ரவரி 2025
இன்று மறுபடி ஜவுளிக்கடை வேலைக்குப் போனேன். நிற்க வேண்டாம், பில் போடும் இடத்தில் உட்கார்ந்துகொள் என்றார் முதலாளி. நவம்பரில் இதே கடையில்தான் ஒரு அம்மாவுக்குச் சேலையை விரித்துக் காட்டும்போது விழுந்தேன். இதயம் தாறுமாறாகத் துடித்து, நின்றே போயிற்றாம். பக்கத்து செல்போன் கடை நியாஸ் அகமது அண்ணன் ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். முன்பு வேலை பார்த்த சவூதி கம்பெனியில் கற்றுக்கொடுத்தார்களாம்.

மத்தியானம் போய் நன்றி சொன்னேன். அவர் முகத்தை நிமிர்த்தவே இல்லை. "அழுத்துனதுல உனக்கு எலும்பு முறிஞ்சிட்டாம்லா, அதான் பாக்க வர சங்கடமா இருந்துச்சு தங்கச்சி" என்றார்.

எலும்பு கூடிட்டு அண்ணே என்றேன்.

16 பிப்ரவரி
குளிக்கும்போது இடது தோளுக்குக் கீழே, மதுரை ஆஸ்பத்திரியில் இதயத்துக்கென்று கருவி வைத்துத் தைத்த அந்த மேட்டில் கை படுகிறது. தோலுக்கடியில் தீப்பெட்டி வைத்துத் தைத்த மாதிரி. உள்ளே இருப்பது மூன்று வோல்ட் பேட்டரிதான் என்று மதுரை டாக்டர் சொன்னார். இதயம் மறுபடி தடுமாறினால் அதுவே சில நொடிகளில் எழுநூறு வோல்ட்டுக்கு மேல் ஏற்றி ஒரு அடி அடிக்குமாம். வீட்டுக் கரண்டே இருநூற்று முப்பதுதானே என்று என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். விசைத்தறியில் ஒருமுறை ஷாக் வாங்கியவர். அந்த அடி கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்தில்லை என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து இவர் எனக்கு விளக்கினார். "சொட்டுச் சொட்டா வாளிய ரொப்பி, ஒரே வீச்சுல ஊத்துத மாதிரிட்டி. பயப்படாத." சொன்னவர் குரலில்தான் பயம் இருந்தது.

23 பிப்ரவரி
மகள் விஜிதா மடியில் உட்கார வந்தாள். தள்ளி உட்காரச் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளை. என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது அது அடித்துவிட்டால்? டாக்டர் சொன்னது காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை.

1 மார்ச்
நன்றாகத் தூங்கினேன்.

4 மார்ச்
எதிர்வீட்டுப் பிள்ளையிடம் விஜிதா சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கம்மாவத் தொடக்கூடாது. கரண்டு."
அடுப்படிக்குப் போய் அழுதேன். உயிரைக் காப்பாத்த வச்ச சாமானை வைத்து பிள்ளையை விரட்டிக்கிட்டு இருக்கேனே, நான் என்ன தாய்?

9 மார்ச், ஞாயிறு
எழுதியே ஆக வேண்டும்.
சர்ச்சுக்குக் கிளம்பும்போது விஜிதா தலை பின்னிவிடக் கேட்டாள். வேறு வழியில்லை, முன்னால் உட்கார வைத்தேன். பாதிப் பின்னலில் கண் இருட்டியது. நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடித்தது. பிள்ளையைத் தள்ளணும்னு நெனச்சேன், கை வரல. அதுக்குள்ள மாடு உதைச்ச மாதிரி ஒரு அடி. கத்திட்டேன். அவ முடி என் கையிலதான் இருந்துச்சு.

விஜிதா திரும்பிப் பார்த்து, "யம்மா, எதுக்கு முடியப் பிடிச்சு இழுத்த?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அவளுக்கு வேறொன்றும் தெரியவில்லை. இவர் ஓடிவந்து, முதலில் அவளை அங்கம் அங்கமாகத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

10 மார்ச்
மதுரை. மேட்டின்மேல் ஒரு கருவியை வைத்து நேற்று நடந்ததையெல்லாம் திரையில் பார்த்தார்கள். நவம்பரில் வந்த அதே தடுமாற்றம்தானாம். சின்னப் பேட்டரி, தானே கண்டுபிடித்து, தானே கரண்டைச் சேர்த்து, அடித்திருக்கிறது. அது இல்லையென்றால் என்று இவர் ஆரம்பித்தார். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மாத்திரையை மட்டும் கூட்டினார்.

முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த சாமான். அவர்களுக்காகவும் ஜெபம் பண்ணினேன்.

13 ஏப்ரல்
குருத்தோலை ஞாயிறு. பவனி நீண்டுகொண்டே போனது, நல்ல வெயில். பாதி வழியில் விஜிதா கால் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். அப்பாவைத் தேடினாள், அவர் முன்னால் போய்விட்டிருந்தார். என்னைப் பார்த்தாள், கேட்கவில்லை.

குனிந்து தூக்கிக்கொண்டேன். இடது பக்கமே சாய்ந்துகொண்டாள். கோவில் வந்து சேருமுன் தூங்கிப்போனாள், ஓலை என் தோளில் உரசிக்கொண்டிருந்தது.