லிட்ரலி டீச்சரின் இடது கண்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நான், அப்பா, தம்பி மூவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண்ணாரத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு ஓகே போட்டுவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வேலை உன்னை லிட்ரலி கொன்றுவிட்டது என்றாய், பிறகு பக்கத்து சீட்டுப் பெண் அடித்த ஜோக்கில் லிட்ரலி செத்தே போனேன் என்றாய். ஒரே நாளில் இரண்டு தடவை நிஜமாகவே செத்தவள் அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் தெம்பாகப் பேசினாள், நான் பெற்றது சாதாரணப் பிள்ளை இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மட்டும் லேசுப்பட்டவரா, “ஆக்சுவலி நான் குளிக்கப் போறேன்” என்கிறார், அப்படியானால் இத்தனை நாள் பொய்யாகவா குளித்தார்? எங்கள் டாக்டர் “பேசிக்கலி” என்று ஆரம்பித்தால் கால் மணி நேரம் ஓடும், நோயாளி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, “டாக்டர் என்னங்க சொன்னாரு?” என்று என்னிடம் கேட்பார். கண் ஆஸ்பத்திரி கவுண்டரில் பதினொரு வருஷமாக, வருகிறவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வதுதான் என் பிழைப்பு, அதனால் ஒரு சொல் தப்பான இடத்தில் உட்கார்ந்தால் எனக்குச் செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி இருக்கிறது. தம்பி என்னை டிக்‌ஷனரி மேடம் என்று கூப்பிடுகிறான்.

இந்தக் கர்வத்துக்குச் செவ்வாய்க்கிழமை ஒரு குட்டு விழுந்தது. எங்களிடம் கண்ணாடிக்கு வருகிற ஓர் அம்மா, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கண்ணாடியில் கீறல் விழுந்தால் லிட்ரலி குருடாகிவிடுவார், சொட்டு மருந்து எரிந்தால் லிட்ரலி நெருப்பு. அவருக்குத் தெரியாமல் லிட்ரலி டீச்சர் என்று பெயர் வைத்திருந்தோம். அன்று காலை வாசல்வரை கூட்டம், போனை எடுத்தால் அவர்தான். “இடது கண்ல லிட்ரலி திரை போட்ட மாதிரி இருக்குங்க” என்றார். லிட்ரலி என்றால் திரை இருக்க வேண்டும், மாதிரி என்றால் இருக்கக் கூடாது, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லவில்லை, அதைவிட மோசமாக, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாங்க என்று எழுதிக்கொண்டு போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டுப் பக்கத்துக் கவுண்டர் பெண்ணிடம் திரைக் கதையைச் சொல்லிச் சிரிக்கவும் சிரித்தேன்.

டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஏதோ உறுத்தியது. மூன்று நாள் கழித்து வரச்சொன்னால் சண்டை பிடிக்கிற ஆள், அன்று “சரிங்க” என்று சின்னக் குரலில் ஒத்துக்கொண்டுவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். எந்தப் பக்கம் மறைக்கிறது என்று கேட்டேன். “கீழேருந்து கருப்பா ஏறிட்டே வருது. நேத்து மின்னல் மின்னலா வெட்டுச்சு” என்றார். இந்தத் தடவை லிட்ரலியைக் காணோம், அதில்தான் எனக்குப் பகீரென்றது. எங்கே இருக்கிறீர்கள் என்றால், “கார்லதான், க்ளாஸ் எடுத்துட்டு இருக்கேன்” என்கிறார்! அப்படியே வாங்க என்று கத்தினேன். ஓட்டிவந்தது கார் கற்றுக்கொள்கிற பெண், அவளுக்கு அது மூன்றாவது வகுப்பாம், வாசலில் ஒரு பூந்தொட்டி போனதோடு சரி. டாக்டர் அன்றைக்கு பேசிக்கலி எல்லாம் போடவில்லை, விழித்திரை பிரிந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கே ஆபரேஷன் என்று ஒரே வரியில் முடித்தார். மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது, வெள்ளிக்கிழமைவரை விட்டிருந்தால் கஷ்டம்தான் என்றார். டீச்சரிடம் போய், நான் முதலில் சிரித்தேன் என்று ஒத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியும். எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்கன்னும் தெரியும்” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

இப்போது உன்னிடம் வருகிறேன். லிட்ரலியை நான் மன்னித்தாயிற்று, நீ எவ்வளவு ஊதிப் பெரிதாக்கினாலும் கழித்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைசியாக, நீ எப்படி இருக்கே என்று கேட்டதற்கு, “ஃபைன்மா” என்றாய். அவ்வளவு நேரம் கலகலவென்று பேசினவளுக்கு அந்த ஒரு சொல்லில் மட்டும் குரல் உள்ளே போய்விட்டது. நானும் சரி என்று வைத்துவிட்டேன். டீச்சர் விஷயம் நடந்த பிறகுதான் உறைத்தது. புதனும் வெள்ளியும் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி அனுப்பினாய். அதனால்தான் இந்தக் கடிதம். கூட இருந்த தோழி வீட்டைக் காலி செய்த பிறகு நீ யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கவே இல்லை, நீயும் சொல்லவில்லை. வேலை பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல், தனியாக இருக்க முடியவில்லையென்றால் அதைச் சொல், எனக்குப் பத்து நாள் லீவு பாக்கி இருக்கிறது, கிளம்பி வருகிறேன். அப்பாவும் கைக்கு வந்ததைச் சமைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

மனசிலும் உடம்பிலும் தெம்போடு, ஒரு குறையும் வராமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, கவுண்டரில் கூட்டம் இருந்தாலும் எடுப்பேன். ஒன்றும் பேச வரவில்லையென்றால் பேச வேண்டாம், சும்மா லைனில் இரு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா