புறக்கணிப்பு நாளில் ஒரு ஜாமீன் மனு

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் இன்றும் வழக்கறிஞர்கள் புறக்கணிப்பு. ஒருவரும் உள்ளே செல்லக் கூடாது என்று வாசலில் முழங்கியவர், எங்கள் சங்கத் தலைவரும், நான் இத்தொழிலுக்கு வரக் காரணமானவருமான மூத்த வழக்கறிஞர். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வ. புதுப்பட்டி மாரியம்மாளின் மகனுடைய ஜாமீன் மனுவில் நான் ஆஜராகவில்லை. மனு ஒத்திவைக்கப்பட்டது.

மாலையில் மாரியம்மாள் வந்தார்.

"ஐயா, ராஜபாளையத்து மில்லுக்காரர் மகனுக்கு மட்டும் ஜாமீன் கெடைச்சிருச்சே! உங்க பெரிய வக்கீலய்யாதான் பின்வாசல் வழியா போனாவ. கறுப்புக் கோட்டைப் பையில மறைச்சு வச்சு, உள்ள போயித்தான் மாட்டுனாவ. நானே பார்த்தேன்."

அவர் மகனின் மனு ஒத்திவைக்கப்பட்டதைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை அவன் அப்பாவுக்குக் கருமாதி. எம்மவன் வந்து செய்யணும்யா. நீங்க அவுகள மாதிரி சொல்லு மாற மாட்டிய. நாளைக்கும் வாரேன்."

அவர் சென்றபின் மூத்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். மறுக்கவில்லை, சிரித்தார்.

"தலைவன்னா நாலையும் பார்க்கணும்லே. நாளைக்கு வாசல்ல நீதான் பேசுத."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். நீதிமன்றத்தில் எப்படி நிற்பது என்பதையே அவரைப் பார்த்துத்தான் கற்றேன். இனி எவரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. நாளை மாரியம்மாள் வரும்போது, உள்ளே ஒருவரும் செல்லக் கூடாது என்று வாசலில் முழங்கிக்கொண்டிருப்பவன் நானாகவே இருப்பேன்.