பெரிய வீட்டுக்கு முந்தி இறங்கிய ஏர்

மச்சான்,

இன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவித்த வேர்க்கடலை, அதுதான் நம் மல்லாட்டை, வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்தேன். உன் நினைப்பு வந்து, நட்டநடுவில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளில் நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஆடி மழை பெய்தாலும் முதலில் பெரிய வீட்டு ஏர் இறங்க வேண்டும். பிறகுதான் மற்றவர் ஏர். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தபோது பெரிய வீட்டுக்காரர் பட்டணத்தில் இருந்தார். மூன்று நாள் ஊரே கையைக் கட்டிக்கொண்டு மண் காய்வதைப் பார்த்தது. உன்னிடம் ஒரு மாடு, என்னிடம் ஒரு மாடு. சேர்த்துப் பூட்டினால்தான் நமக்கு ஏர். முந்தின வருஷ விளைச்சலும் பொய்த்திருந்தது. இதுவும் போனால் மாடுகளை விற்றுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

"இன்னா மச்சான், ஈரம் காத்திருக்குமா? அது இன்னா பெரிய வூட்டுப் பண்ணையாளா?" என்றாய். நான் தயங்கினேன், ஒத்துக்கொள்கிறேன். நீ நுகத்தடியைத் தோளில் போட்டு, இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு நடந்துவிட்டாய். வராமல் என்ன செய்வேன், என் மாடு உன் கையில்!

நாலு சால் ஓட்டுவதற்குள் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை குடையோடு ஓடிவந்தார். "எவன்டா மொதல்ல ஏர எறக்கனது?"

நீ மாட்டை நிறுத்தவே இல்லை. "நாங்க மரியாத தெரிஞ்சவங்கதான் சாமி. மழைதான் பெரிய வூட்டக் கேக்காம பேஞ்சிடுச்சி. அதப் போயி கேளுங்க."

பக்கத்துக் கொல்லைக்காட்டில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், ஊருக்கே பயம் விட்டது. உச்சிவேளைக்குள் எங்கே பார்த்தாலும் ஏர். பெரிய வீட்டு ஏர் நல்ல நாள் பார்த்து இறங்கியபோது மண் கட்டி தட்டியிருந்தது.

அடடா, அந்த அறுவடை! பிடுங்கின செடியெல்லாம் கொத்துக் கொத்தாகக் காய். ஆளுக்கொரு மாடு வைத்திருந்த நாம் ஆளுக்கொரு ஜோடி கட்டினோம். கூரை வீடுகள் ஓட்டு வீடுகளாயின. மேலே இருப்பவர் அசைந்தால்தான் ஊர் வளரும் என்று நம்பிக்கிடந்தோமே, என்ன முட்டாள்தனம்! அடுத்த ஆடியில் அதே கணக்குப்பிள்ளை உன் வாசலுக்கே வந்து, "எப்பப்பா ஏர் பூட்டப் போறீங்க? அன்னைக்கே நாங்களும் பூட்டிடறோம்" என்றாரே! அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்தோம்.

இந்த வருஷம் நீ கண்ணை மூடிய மறுவாரமே மழை. "பதினாறாம் நாள் காரியம் முடியட்டும்பா, ஊரு இன்னா சொல்லும்?" என்று தடுத்தார்கள். நான் கேட்கவில்லை. டிராக்டரை வரவழைத்து முதலில் உன் கொல்லையில்தான் இறக்கினேன். அழுதுகொண்டேதான் விதைத்தேன் மச்சான். ஒன்று தப்பாமல் முளைத்திருக்கிறது.