தேக்கு வேண்டாம், கரோல்

பெசன்ட் நகர், சென்னை
ஜனவரி 19

அன்பு மகள் கரோலுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மருமகனும் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்றுதான் தினமும் ஜெபமாலை முடிக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். போன ஞாயிறு நீ பேசும்போது பெர்த் வீட்டுப் பின்பக்கம் டெக் என்று பலகைத் தரை போடப் போகிறோம், என்ன பலகை போடலாம் என்று அப்பாவிடம் கேட்டாய். அவரும் யோசிக்காமல் தேக்கு போடு, நீ எங்கள் மாடியில் போட்டுக் கொடுத்தது எட்டு வருஷமாகக் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அது உண்மை இல்லை. நம் மாடியில் இப்போது தேக்கே கிடையாது. போனில் சொல்லலாமென்றால் நீ கூப்பிட்டதும் அவர்தான் எடுக்கிறார், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கடைசிவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம், காலையில் துணி காயப்போட மாடிக்குப் போன அப்பா, ஐவி என்று ஒரு மாதிரிக் குரலில் என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் பலகை உடைந்து கால் கணுக்காலுக்கு மேல்வரை உள்ளே இறங்கியிருக்கிறது, உடைந்த முனை கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு, உனக்குத் தெரியும். ஏழு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் போட்டார்கள். ஒரு கட்டத்தில் டாக்டர் கால்விரல் நிறம் சரியில்லை என்று சொன்னபோது எனக்கு உயிரே இல்லை. உன்னிடம் சொல்கிறேன் என்றேன், வேண்டவே வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது காயம் நன்றாக ஆறிவிட்டது, தழும்புதான் இருக்கிறது, நீ பதறாதே.

அந்தப் பலகையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மேலே பளபளவென்று பாலிஷ், அடியில் கறுத்துப் போய், டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி விரல் பட்டதும் உதிர்கிறது. ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் கொடுத்து, காயவைத்து என்று அவர் இரண்டு வாரம் மாடியிலேயே கிடப்பாரே, அதைக் கடைசி இரண்டு வருஷம் செய்யவே இல்லை. மேலாக பாலிஷை மட்டும் பூசி, அதைத்தான் உனக்கு வீடியோவில் காட்டியிருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கோபமாகத்தான் கேட்டேன். "முட்டி போட முடியல ஐவி. புள்ள ஆசையா மொத சம்பளத்துல போட்டுக் குடுத்தது, என்னால பாத்துக்க முடியலன்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது" என்றார்.

சிந்தாதிரிப்பேட்டையில் பலகைக் கடை வைத்திருக்கும் ஷஃபியுல்லாவிடம் போனேன். மறுபடி தேக்கே போடலாமா என்று கேட்டதற்கு, "கடல்லேர்ந்து நாலாவது தெரு, இன்னா மரம் போட்டாலும் உப்பு துன்னும்மா. வருஷா வருஷம் எண்ணெய் போட ஆள் கீதுன்னா போடு, இல்லன்னா வுட்டுடு" என்றார். வியாபாரியே அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த பலகையில் நாலு துண்டு கொடுத்தார், உள்ளே குழல் விட்டதில் இரண்டு, கெட்டியானதில் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று கருப்புக் காபி நிறம், ஒன்று வெளிர் சாம்பல். முப்பது வருஷம் சயின்ஸ் டீச்சராக இருந்தவள் சும்மா வாங்கிவிடுவேனா, மே மாதம் முழுக்க மொட்டை மாடியில் போட்டு, காலையில் தண்ணீர் ஊற்றி, மத்தியானம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்தேன். அப்பா முதலில் அந்தப் பக்கமே வரவில்லை, நாலாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் ஏறினார். காபி நிறத்தில் ஒரு நொடி நிற்க முடியவில்லை, தேக்கைவிட மோசம். சாம்பல் நிறமும் சுடத்தான் செய்தது, ஆனால் ஐந்து மணிக்கெல்லாம் ஆறிவிட்டது. குழல் விட்டதற்குள் எறும்பு குடித்தனம் வந்துவிட்டது. கெட்டிப் பலகை, சாம்பல் நிறம் என்று கடைசியில் முடிவு சொன்னது அவர்தான்.

ஜூனில் கார்பென்டர் சேரன் வந்து பழையதை முழுக்கப் பிரித்தார். மழைத்தண்ணீர் போகும் குழாயின் வாயில் வேப்பிலை அடைத்துக் கிடந்தது. "தண்ணி நின்னுக்கினே இருந்தா எது போட்டாலும் வேஸ்ட்தாம்மா" என்று முதலில் அதைத்தான் சரி செய்தார். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டு, குழாய்க்கு மேலே உள்ள பலகையை மட்டும் கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறார். ஒரு பெரிய மழைக்காலம் போய்விட்டது, சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்ததோடு சரி. பார்ப்பதற்குத் தேக்கின் அழகு இல்லைதான், அதை நான் மறைக்கவில்லை. இந்த ஜனவரியில் அப்பாவுக்கு மாடியில் வேலை ஒன்றும் இல்லை, சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரில் விட்ட பக்கங்களைப் படிக்கிறார்.

நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அங்கேயும் கடல் பக்கம்தான். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு உடனே வாங்காதே, துண்டு வாங்கி வெயிலில் போட்டு நின்று பார், முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று பார். நாங்கள் உனக்கு அனுப்புகிற எதுவாவது பார்த்துக்கொள்ளச் சிரமமாக இருந்தால் வாய்விட்டுச் சொல், நாங்களும் இனிமேல் சொல்கிறோம். மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். உன் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு.

இதுவரை எழுதியபோது அப்பா வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். ஒளிக்க மனசு வரவில்லை, கையில் கொடுத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் நின்று இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று பார்த்தேன். கவர் எங்கே, நானே போய் போஸ்ட் பண்ணிட்டு வரேன் என்று சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா,
ஐவி காஸ்பர்