கதவுக்கு வெளியே கேட்ட பதில்

என் அன்புக்குரியவருக்கு,

இங்கு நான் நலம். நீங்கள் குவாரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக மேஸ்திரி தகவல் சொன்னார். அங்கே ஃபோன் சரியாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இதை என்னால் பேசிச் சொல்லியிருக்க முடியாது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். உங்கள் பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவாம். சர்க்கரை இல்லை, ரத்தம் உறைவதில் குறையில்லை. அன்று ஏறியிருந்த பிரஷர்கூட ஊசியைப் பார்த்த பயம்தானாம். “அளவா எடுங்கம்மா, நான் நடந்து வீட்டுக்குப் போகணும்” என்று நீங்கள் கெஞ்சியதைச் சொல்லி அந்த நர்ஸ் இன்னும் சிரிக்கிறாள். நீங்கள் லீவில் வரும்போதே ஆபரேஷனை முடித்துவிடலாம், நாள் குறிக்கட்டுமா என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என் இதயம் பிரசவத்தைத் தாங்காது, எனக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய மயக்க மருந்தும் ஆகாது என்று டாக்டர் சொன்னதும், “அவ்வளவுதானே, நான் பண்ணிக்கிறேன்” என்றீர்கள், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறவர் போல. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆலோசனை அறைக்கு வெளியே என்னைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார்களே, அப்போது ஆலோசனை சொல்லும் அந்த அம்மாள் மெதுவாகத்தான் பேசினார். நீங்கள்தான் கல் உடைக்கும் மெஷினோடு போட்டி போட்டுப் பேசியே பழகியவர். “அவ போனப்புறம் எனக்கு எதுக்கு மேடம் புள்ளை? இருக்கிற கொஞ்ச நாள் அவ பயமில்லாம இருந்தா போதும்” என்றீர்கள். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் சட்டென்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெளியே வந்து, “சும்மா எல்லாரையும் கேக்குற கேள்விதான், வாத்தியாரம்மா” என்றீர்கள். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று நான் கேட்டேன்.

டாக்டர் உங்களிடம் தனியாக என்ன சொன்னார் என்று கேட்க மாட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டு என்னை எப்படிச் சிரிக்க வைத்தீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மாடிவீட்டுக் குழந்தை தினமும் வந்து உங்கள் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறது. அதைத் தோளில் ஏற்றிக்கொள்ளும்போது உங்கள் முகம் மாறுவதை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் வேண்டாம். செய்தபின் மாற்ற முடியும் என்று நம்பக் கூடாது என அவர்களே சொன்னார்கள். நமக்கு வேறு வழிகள் உண்டு. அந்த அம்மாளிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குச் சத்தியம் எதுவும் செய்துதர வேண்டாம், யாரைப் பற்றியும் இப்போது யோசிக்கவும் வேண்டாம். நாள் குறிக்க வேண்டாம் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள், போதும்.

என்றாவது உங்கள் கையில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் என் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள். பெற்றவளுக்கு அது கஷ்டமாக இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வாத்தியாரம்மா