சம்பந்தியம்மா ரொட்டி

டிசம்பர் 14, சனி

விடியற்காலையிலிருந்து மழை. கால்வாய் நிறையத் தண்ணீர். எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போவதற்கு மழை காரணமில்லை, கைதான் காரணம். நோட்டே, பொறுத்துக்கொள். எழுபது தாண்டிய கை. பால்மரம் சீவியது, எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டியது, பேனா பிடித்தது இந்த வருடம்தான். ‘ழ’ ஒவ்வொரு முறையும் வேறு உருவத்தில் வருகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம். போகட்டும். மத்தியானத்தை வேறு எதற்கு வைத்திருக்கிறேன்.

கோயில் மண்டபத்து வகுப்பில் டீச்சர் சொன்னது: “தெனமும் நாலு வரி எழுதுங்க ஐயா. நான் பார்க்க மாட்டேன், திருத்த மாட்டேன்.” ரொம்ப நல்லது.

இன்று மாவுப் பொட்டலத்தை வாசித்தேன். ஈரம் படாத இடத்தில் வைக்கவும். தமிழில் இருக்கிறது. இத்தனை வருடம் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஜெசிந்தா, என் மருமகள், பயத்தங்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “இந்த வருஷம் கிறிஸ்மஸ் வேணாம்லா மாமா. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

சரிம்மா என்றேன். வேறென்ன சொல்ல. எங்கள் வீட்டில் முருகனும் உண்டு, மாதாவும் உண்டு, இரண்டு பேருக்கும் ஒரே முறைதான். அவள் அம்மா அருள்மேரி கடைசி மாதங்களில் எங்களோடுதான் இருந்தார். ஏப்ரலில் போய்விட்டார். எங்கள் வாசலிலிருந்துதான் எடுத்தோம். துக்க வீடு. ஒரு வருடத்துக்கு நல்ல நாள் இல்லை, அடுப்பில் பலகாரம் ஏறாது. தீபாவளிக்கும் ஏறவில்லை.

கொண்டாட்டம் இல்லாவிட்டால் என்ன. அது இல்லை என் கவலை. ஏப்ரலுக்குப் பிறகு இந்தப் பெண் ‘அம்மா’ என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் தம்ளரை அலமாரியின் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள். நாங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து துணி எடுக்கப் போய்விடுகிறாள், கொடியில் துணி இல்லாத நாளிலும். என் மகன் சேகர் லோரியை எடுத்துக்கொண்டு போனால் வருவது இரவு. இவள் ரவாங் ஆபீஸிலிருந்து வந்து, சமைத்து, படுத்துவிடுகிறாள். இப்படியே உள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.

கை வலி. போதும்.

டிசம்பர் 15, ஞாயிறு

மழை விட்டது. சேவல் தண்ணீருக்கு அடியிலிருந்து கூவுவது போல ஒரு சத்தம்.

கண்ணை மூடிக்கொண்டு சம்பந்தியம்மா ரொட்டியை நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவர் ஊர் ராசாவிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். தட்டு அகலம். எலுமிச்சை அளவு உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டி, மாலை மாதிரி வட்டமாக. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சீஸ். எங்கள் அடுப்பில் சூடு காட்டி நடுவில் வைப்பார். ஆளுக்கு ஒரு பக்கம் பிய்ப்போம். உருகிய சீஸ் விரலில் ஒட்டும். அந்த விரலோடுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருப்போம். சிறு வயதில் துரை பங்களாவில் வேலைக்கு இருந்தபோது கற்றதாம். யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டால், “தின்னுட்டுப் போங்க சம்பந்தி” என்பார்.

பாக்கியத்திடம் கேட்டேன். என் மனைவி. இரண்டு பேரும் நாக்கில் தேடினோம்.

கோதுமை மாவு
சீனி கொஞ்சம்
பட்டர்
ஈஸ்ட்
டின் சீஸ்
வெங்காயம் (பாக்கியம் சொல்வது)
பச்சை மிளகாய் (நான்)

“மிளகாயா? என் வாய்க்கு ஒரு நாளும் வந்ததில்லியே.”

“உனக்கு நாக்கு மரத்துப்போச்சு. எனக்கு வருஷா வருஷம் கண்ணுல தண்ணி.”

“சுடச்சுட முழுங்குனா வராதா?”

மிளகாய் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தீபாவளிக்கு எதிர் வீட்டுக்காரர்கள் முறுக்கு கொடுத்தனுப்பினார்கள். ஜெசிந்தா இரண்டு தின்றாள். துக்க வீட்டில்தான் செய்யக்கூடாது. வெளியிலிருந்து வரலாம், வருவதுதான் முறை. ஆனால் இந்த ரொட்டியைச் செய்ய வெளியில் யாருக்குத் தெரியும்?

பாக்கியம் பாயை உதறிக்கொண்டே, “அப்ப நீங்க வெளி ஆளா மாறிடுங்க” என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

வெயில். காற்றில் உப்பு.

காதர் பாய் கடைக்குப் போனேன். பெரிய சாலையில் சாப்பாட்டுக் கடை. பின்கட்டில் பன் சுடும் அடுப்பு. அவர் அப்பா நாகூரிலிருந்து வந்தவர். நாங்கள் ஒரே சலூனில் முடி வெட்டிக்கொண்டு கிழவர்களானவர்கள். விஷயத்தைச் சொன்னேன்.

“அவ்வளவுதானா? துக்க வீட்டுக்கு நான் குடுக்கிறேன். என் மாவு, என் அடுப்பு. நானே கொண்டாந்து குடுப்பேன்.”

“கை என்னுது ஆச்சே பாய். முறைக்கு ஒத்து வருமா?”

“என் கடையில ரொட்டி வீசுறவன் கை யாருது? அவனுது. ரொட்டி யாருது?”

“கடையுது.”

“பொறவு என்னாண்ணே.”

பெரிய வக்கீலாகப் போயிருக்க வேண்டியவர். பள்ளி லீவு, கடையில் கூட்டம், அதனால் மாவை வீட்டில் பிசைந்து கொண்டு வரச் சொன்னார். பிசையலாம், தீ மூட்டக் கூடாது. இது பாக்கியத்தின் தீர்ப்பு.

திரும்பும்போது கடைப் பெயரை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தேன். நின்று இன்னொரு முறை வாசித்தேன். பின்னால் மோட்டார் சைக்கிள் ஹாரன்.

டிசம்பர் 20, வெள்ளி

மேகமூட்டம். எழுத நிறைய இருக்கிறது. மெதுவாக.

ஜெசிந்தா வேலைக்குப் போனதும் கொல்லையில் உட்கார்ந்து பிசைந்தேன். ஈஸ்ட் பொடியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். சூடு என்றால் சூடு என்று நினைத்தேன். மாவு கல் மாதிரி கிடந்தது. எழவே இல்லை.

“ஆப்பத்துக்கு என்னா ஊத்துவோம் தோட்டத்து லயத்துல?” என்றாள் பாக்கியம்.

கள். சுங்கை செம்பிலாங்கில் தென்னை ஏறும் கூட்டாளி ஒருவன் இருக்கிறான். மோட்டாரில் போய் ஒரு போத்தல் வாங்கி வந்து, புது மாவில் ஊற்றிப் பிசைந்து, ஈரத் துணி போட்டு மூடினேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். துணி மெல்ல மெல்ல மேலே வந்தது. மூச்சு விடுகிற மாதிரி. பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். கனவில் மாவு வேலியைத் தாண்டி, செம்பனைக் காட்டைத் தாண்டி, ஆறு வரைக்கும் வெள்ளையாகப் பரவியிருந்தது. அதன் மேல் நான் நடக்கிறேன். கால் புதையவில்லை. தூரத்தில் சம்பந்தியம்மா பஸ்ஸுக்கு நிற்கிறார். ஏதோ சொல்கிறார், கேட்கவில்லை.

விழித்தபோது பேசின் விளிம்பைத் தாண்டி மாவு. சந்தோஷம். மோட்டார் முன்னால் வைத்துக்கொண்டு காதர் பாய் கடைப் பின்வாசலுக்குப் போனேன். அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நல்லா வந்திருக்கே. ஆப்ப வாசம் அடிக்குது. என்னா போட்டீங்க?”

வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒரு நொடி ஈஸ்ட் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இவ்வளவு அழகாக எழுந்த மாவு. அவருக்குத் தெரியப்போவதில்லை.

“கள்ளு பாய்.”

துணியை விட்டுவிட்டு ஓரடி பின்னால் போனார். குழாயில் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். நான் பேசினைத் தூக்கிக்கொண்டு வெளியில் நின்றேன். இந்த வயதில் தலை குனிவது எழுத்து கற்பதைவிடக் கஷ்டம்.

“உள்ள கொண்டாராதீங்க,” என்றார். பிறகு, “சொன்னீங்களே, அது போதும். திங்கக்கிழமை இங்கயே வந்து, என் பேசின்ல, என் ஈஸ்ட்டுல பிசைங்க. வரும்போது குளிச்சிட்டு வாங்க.”

அப்படியே ஆற்றங்கரைக்குப் போய் மாவை மீன்களுக்குப் போட்டேன். மூழ்காமல் மிதந்து போனது, சின்னச் சின்ன மேகமாக. அக்கரை அலையாத்தி மரங்களில் ஒரு குரங்கு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தது.

பாக்கியம் கேட்டுவிட்டு, “இன்னிக்கு மீனெல்லாம் பாட்டு பாடும்” என்றாள். ஊற்றச் சொன்னவளே அவள்தான்.

டிசம்பர் 23, திங்கள்

காலை மழை, பிறகு வெளிச்சம்.

குளித்துவிட்டுப் போனேன். கேட்காமலே சொன்னேன், குளித்துவிட்டேன் என்று. காதர் பாய் சிரித்தார். அப்பாடா.

தண்ணீர் விரல் பொறுக்கும் சூடு. ஈஸ்ட் நுரைத்தது. உருண்டை பிடித்து, சீஸ் துருவலும் பச்சை மிளகாயும் வைத்து மூடினேன். ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றிலும் மிளகாய். வெங்காயம் மேலே மட்டும், பாக்கியத்துக்காக. மாலை மாதிரி அடுக்கினேன். மூடப் பழகாத விரல்கள், எத்தனை வருடம் கத்தி பிடித்தவை. நாலைந்து உருண்டை வாய் பிளந்து சீஸ் வழிந்தது. பரவாயில்லை, நாளைக்கு இன்னும் அழுத்தி மூட வேண்டும்.

அடுப்பிலிருந்து வாசம் வந்தபோது கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு நடுக்கூடம், கிறிஸ்மஸ், எல்லோரும் இருக்கிறார்கள்.

அது சோதனை ரொட்டி. கடைப் பையன்கள் தின்று தீர்த்தார்கள். நான் வாயில் வைக்கவில்லை. நாளைக்குத்தான்.

டிசம்பர் 24, செவ்வாய்

நல்ல வெயில். இதைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

ஜெசிந்தாவுக்கு அரை நாள் வேலை. மூன்று மணிக்குக் காதர் பாய் வேனில் வந்தார். சட்டை மாற்றி, தொப்பி போட்டு, தட்டை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வாங்க என்று நான் எழுந்தேன். பாக்கியம் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். “அவ போகட்டும்.”

ஜெசிந்தா போனாள்.

“துக்க வீட்டுக்கு எங்க வீட்டுலேருந்தும்மா,” என்றார் காதர் பாய்.

இரண்டு கையாலும் வாங்கினாள். துணியை விலக்கினாள். அப்படியே நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவர் நாட்காட்டியை வாசித்தேன்.

காதர் பாயையும் உள்ளே அழைத்து வந்து, தட்டை நடுவில் வைத்தாள். ஒரு உருண்டையைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். இருமினாள். கண்ணில் தண்ணீர். இன்னொன்றைப் பிய்த்துத் திறந்து பார்த்தாள். இன்னொன்று.

“மாமா. எல்லாத்துலயுமா மிளகா வச்சீங்க?”

“உங்கம்மா ரொட்டியில எனக்கு எப்பவும் மிளகா வருமேம்மா.”

“அம்மா ஒண்ணே ஒண்ணுலதான் வைப்பாங்க மாமா.”

காதர் பாய் கையில் பிய்த்த உருண்டையோடு இருந்தார்.

“ஒண்ணுலதான்,” என்றாள். “யாருக்கு அது வருதோ அவங்க அன்னிக்கு தட்டு மங்கெல்லாம் கழுவணும். விளையாட்டு. அந்தப் பக்கத்த அம்மா வேணும்னே உங்க பக்கம் திருப்பி வைப்பாங்க. சம்பந்தி பாவம், கேட்காம தின்னுடுவாரு, கழுவச் சொன்னா கழுவ மாட்டாரு, நானே கழுவிடுறேன்னு சொல்லிச் சிரிப்பாங்க.”

இத்தனை கிறிஸ்மஸ். எனக்குத் தெரியவே தெரியாது. பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். “பாத்தீங்களா, என் நாக்கு மரக்கல.”

ஜெசிந்தா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. மிளகாய்தான் மாமா, மிளகாய்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த உருண்டையை எடுத்தாள். வெங்காயம் அம்மா போடவே மாட்டாங்க என்றாள். சீஸைத் துருவ மாட்டாங்க, கையால பிப்பாங்க. மேல தேங்காப்பால் தடவுவாங்க. உங்களுது நல்லாவே இல்ல மாமா என்று சொல்லிவிட்டு இன்னொன்று தின்றாள்.

காதர் பாய் தண்ணீர் கேட்டுக் குடித்து, வியர்த்து, போய்விட்டார். விளக்கு போட்டாயிற்று. அவள் இன்னும் தட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பாக்கியம் உம் கொட்டுகிறாள். அம்மா பங்களாவுக்கு வேலைக்குப் போன முதல் நாள், முட்டையை உடைத்து ஓட்டினை மாவில் போட்டு உள்ளே இருந்ததைக் கீழே கொட்டினது, துரையம்மா திட்டினது, அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாமல் தேங்க்யூ சொன்னது. நான் ஒரு வரி எழுதுவதற்குள் அவள் பத்து வரி போய்விடுகிறாள். இப்போது அம்மா கல்யாணமாகி ராசாவில் இருக்கிறார், முதல் பிள்ளை பிறக்கப் போகிறது. என் பேனா இன்னும் பங்களா சமையல்கட்டில் நிற்கிறது. காதை இங்கே வைத்துவிட்டுக் கையை நிறுத்துகிறேன். மீதியை எழுத எனக்கு அடுத்த வாரம் முழுவதும் வேண்டும்.